பெயிலாகிப்போன கண்ணாடிப் பாலம்

ணங்... ணங்... ணங்...

வாய்க்கால் பக்கமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் மேஸ்திரி வடமலைக்குக் கஞ்சி இறங்கவில்லை. இன்று இருபத்தெட்டாம் நாள். பாலம் தேறினால்தான் அவர் பெண்சாதி செங்கமலம் வீடு திரும்புவாள். வாய்க்காலின் குறுக்கே கிடந்த ஒற்றைப் பனந்தடியில் நடந்து உள்ளே விழுந்த அன்றே, பாலம் வந்தால் வருகிறேன் என்று ஈரச் சேலையோடு தாய்வீட்டுக்குப் போனவள்.

பாலம் கட்டச் சொல்லிக்கொடுக்க வந்த இன்ஜினியரம்மா சொன்ன வேலை எளிது. காலி பாட்டில்களைக் கழுவி மாவாக அரைத்து, சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்தக் கண்ணாடி மாவைச் சேர்க்க வேண்டும். காங்கிரீட் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஊத்துப்பட்டியில் காலி பாட்டில் போதவில்லை; முழு பாட்டில்தான் கிடைத்தது. ஆம்பளைகள் எல்லாரும் மூன்று நாள் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பாடுபட்டுக் காலி செய்தார்கள். பொதுக்காரியத்தில் அப்படியொரு ஒற்றுமையை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை.

பாலத்துக்குப் போட்ட கலவையிலேயே, பலம் சோதிக்க, மூன்று கியூப் (சதுரக் கட்டி) வார்த்து வைத்தார்கள். "இருபத்தெட்டாம் நாள் கியூபை உடைச்சுப் பாருங்க. அப்புறம் பாலத்துல நடக்கலாம். அதுவரைக்கும் பாலத்துக்குத் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

வடமலை போய்ப் பார்த்தபோது சம்மட்டிக் காம்பு முறிந்து கிடந்தது. கியூப் மூன்றும் முழுசாக இருந்தன.

"உடையல மேஸ்திரி," என்றான் கையாள் பொன்னுரங்கம், சாவுச் சேதி சொல்வதுபோல.

"மூணுமா?"

"மூணும். உடைக்கச் சொன்னது உடையலன்னா அது என்ன காங்கிரீட்டு?"

ஊராட்சித் தலைவர் குழந்தைவேலு தாடையைச் சொறிந்தார். கியூப் சின்னது, சம்மட்டி ஏமாந்திருக்கும், எதற்கும் பாலத்தையே கேட்டுவிடலாம் என்றார். கருங்கல் ஏற்றிய லாரியைப் பாலத்தின்மேல் ஏழு தடவை ஓட்டினார்கள். ஒரு கீறல் இல்லை.

"லாரிக்கே உடையாதது வேற எதுக்கய்யா உடையப்போகுது? பெயில்," என்று தலைவர் கையை விரித்தார். அட்டையில் எழுதிக் கட்டினார்கள்: 'உடையாத பாலம். யாரும் ஏறாதீர்.'

அந்த நேரம் பார்த்துத்தானா செங்கமலம் துணிமூட்டையோடு பாலத்தின் நடுவில் வந்து நிற்க வேண்டும்?

"செங்கமலம், திரும்பிப் போயிரு," என்றார் வடமலை. "பாலம் இன்னும் உடையல."

அவள் லாரியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். கட்டிய புருஷனைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு மூட்டையை இடுப்பு மாற்றிக்கொண்டு, அதே பாலத்தின்மேல் வந்த வழியே நடந்து போனாள்.

"நல்லவேளை, பாதியிலேயே தப்பிச்சிட்டா," என்று தலைவர் பெருமூச்சு விட்டார்.

வடமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடைகிற வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.