துரை சொன்ன இரண்டு சொற்கள்

வெகு காலத்துக்கு முன்னே, வெள்ளைக்காரக் கும்பினிப் படைகள் தெற்கே நடமாடத் தொடங்கிய நாளில், ஆலங்கரை என்ற சிறு நாட்டை விசயமுத்து என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் கொடுத்த ஊரை மாலையில் திரும்பக் கேட்கிற குணம் அவருக்கு. ஒரே மகன் கதிரமுத்துவிடமும் அப்படித்தான், ஏதோ கோபத்தில் "என் முகத்தில் முழிக்காதே" என்று சொல்லிவிட்டார். மகன் போய்க் கும்பினிப் படையில் சேர்ந்தான்.

ஒருநாள் அந்தப் படையின் துரை அரண்மனைக்கு வந்தார். கதிரமுத்து போரில் இறந்துவிட்டான் என்ற செய்தியும் அவரோடு வந்தது. கைக்குழந்தையோடு கூட வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சபையில் துரை தழுதழுத்த குரலில் பேசினார். 'லெஃப்ட்', 'ரைட்' என்ற இரண்டு சொற்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. அங்கே இங்கிலீஷ் தெரிந்தவன் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அரங்கப்பன் ஒருவன்தான். தன் அக்காள் மகனை ராஜாவுக்குச் சுவீகாரம் கொடுக்க அவனுக்கு ஆசை.

"மகாராஜா, வாசலில் நிற்பவள் இளவரசர் கட்டியவள். குழந்தையும் அவருடையதுதான். ஆனால் இருவரையும் அவர் கைவிட்டுவிட்டாராம். திருப்பி அனுப்புவதே சரி என்கிறார் துரை" என்றான்.

"அவனே வேண்டாமென்றவள் எனக்கு எதற்கு? போகச் சொல்லுங்கள்" என்றார் ராஜா.

மூத்த மந்திரியான பிரதானி அம்பலவாணர் மெதுவாக எழுந்தார். "துபாஷி, ஒரு சந்தேகம். சிப்பாய்கள் நடக்கும்போது கத்துகிற சொற்கள்தானே இவை? இடது, வலது. வேறு பொருள் இருக்கிறதா என்ன?"

அரங்கப்பன் சிரித்தான். "பிரதானிக்கு எட்டியது அவ்வளவுதான். ரைட் என்றால் வலது. சரி என்றும் பொருள். உரிமை என்றும் பொருள்."

"மூன்றா? பாவம், லெஃப்ட் மட்டும் ஒன்றோடு நின்றுவிட்டது."

"யார் சொன்னது? புறப்பட்டுப் போனாலும் லெஃப்ட். கைவிட்டாலும் லெஃப்ட்."

"அப்படியானால் இரண்டும் சமம். அதற்குமேல் உமக்கும் தெரியாது போலிருக்கிறது."

துபாஷிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் தெரியாது? ஒருவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுச் செத்துப்போனான் என்பதற்கும் அதே சொல்தான்..."

பாதியில் நாக்கு நின்றுவிட்டது.

அம்பலவாணர் ராஜாவைப் பார்த்தார். "கைவிட்ட பெண்ணை இவ்வளவு தூரம் துரை ஏன் கூட்டிவர வேண்டும், மகாராஜா? மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு இளவரசர் இறந்தார், இந்த வீட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர் சொன்னது இதுதான்."

"அப்படியா?" என்று ராஜா துபாஷியைக் கேட்டார். அவன் தலை கவிழ்ந்தான்.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பிரதானியின் கையில் வைத்தார். துபாஷியிடம், "வாசலுக்கு வா. என் மகன்மேல் நீ போட்ட பழியை அவளிடம் உன் வாயாலேயே சொல். பிறகு இந்த நாட்டில் இருக்காதே" என்றார்.

அவன் சொன்னான். செவ்வந்தி என்ற அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவன் போனபின் ராஜா கேட்டார். "அம்மா, என்னைப் பற்றி என் மகன் ஏதாவது சொன்னானா?"

"இவள் பிறந்ததும் ஊருக்குப் போகலாம் என்றார். அப்பாவுக்குக் கோபம் தீர்ந்திருக்குமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார், மாமா."

ராஜா பேத்தியை வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது, அம்மா" என்றார். "ஆள்தான் அனுப்பவில்லை."