விழ மறுத்த வாயு

குருவுக்கு முப்பத்துநாலு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. தலைகீழ்தான். இருவருக்கும் அது பழகிவிட்டது.

குருவின் பெயர் மரகதவல்லி. மலைமேல் ஓர் ஆய்வு மையத்தில் கருந்துளைகளைப் பற்றிப் பாடம் சொல்பவர். சீடர் சிவக்கொழுந்து, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுவிட்டுப் படிக்க வந்தவர். கொஞ்சம் கொஞ்சமாக வரும் வாயு கருந்துளைக்குள் எப்படி விழுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. அன்று மாலை ஐந்து மணிக்குள் முடிவை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. அவ்வளவுதான்.

சமையல்காரர் லீவு. நாலரை மணிக்குத்தான் குரு புளிக்குழம்புக்குத் தாளிக்கப் போனார். சீடர் வேகமாக உள்ளே வந்தார்.

"மேடம், முடிஞ்சிருச்சு! வாயு முழுக்க உள்ளே போயிருச்சு."

"முந்தாநாள் நூத்துல ஒரு பங்குதான் போச்சுன்னீங்க?"

"அது தப்பு மேடம். மீதியெல்லாம் வெளியே பறந்துடுச்சு. கருந்துளைன்னா விழுங்க வேணாமா? அதான் சுத்தி ஒரு சுவர் வெச்சுட்டேன்."

"வானத்துலயா?"

"கணக்குல."

குரு சிரிப்பை அடக்கினார். அடக்கியது நன்றாகவே தெரிந்தது.

"பத்துக் கடுகு எண்ணிப் போடுங்க சார்."

எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது. சீடர் போட்டார். கடுகு படபடவென்று வெடித்தது. ஒன்று அவர் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. சட்டிக்குள் இரண்டுதான் மிச்சம். சீடர் ஓடிப்போய் மூடியை எடுத்தார்.

"அது எதுக்கு?"

"பறக்குதே மேடம்!"

"மூடினா பத்தும் உள்ளேதான் இருக்கும். கடுகு வெளியே போகவே போகாதுன்னு எழுதிடுவீங்களா?"

சீடர் மூடியும் கையுமாக நின்றார்.

குரு இன்னும் பத்துக் கடுகு போட்டார். வெடிக்கத் தொடங்கியதும் ஒரு கை வெங்காயத்தை அள்ளிக் கொட்டினார். சட்டி சொய்யென்றது. கடுகு அடங்கிவிட்டது.

"எப்படி அடங்குச்சு?"

"வெங்காயம் சூட்டை வாங்கிக்கிச்சு."

"உங்க வாயுவுல வெங்காயம் எங்கே சார்?"

சீடர் மெதுவாகச் சொன்னார்.

"இல்லை மேடம். ரொம்ப மெலிசான வாயு. ஒரு துகள் இன்னொண்ணோட மோதுறதே அபூர்வம். மோதினாத்தானே சூட்டை வெளிச்சமா வெளியே விடும்? விட வழியில்லாம, சூட்டோடயே சுத்தி, சூட்டோடயே..."

"சூட்டோடயே?"

"பறந்துடுது. நூத்துல ஒண்ணுதான் சரி. ஐயோ!"

மூடியை மேடையில் போட்டுவிட்டு ஓடினார். சுவரை எடுத்தார். பழைய முடிவையே அனுப்பினார். அப்போது மணி நாலே முக்கால்.

திரும்பி வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கை கழுவும்போது அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"மூணு வாரம் மண்டை காஞ்சேன் மேடம். இதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முதல் நாளே சொன்னேன் சார்," என்றார் குரு. "அன்னிக்கு நீங்க கொதிச்சுக்கிட்டு இருந்தீங்க. சொன்னது உள்ளே விழலை."