மான் வாய்க்குத் தண்ணீர்

"பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற மானை இங்கிருந்தே சாய்ப்பேன் தாயி. எதுக்குக் கிட்டப் போகணும்?"

கேட்டவன் வீரணன். முப்பது வருடம் ஜமீனுக்காகச் சுட்டவன். முதுகு கூனியதும் ஒரு வேட்டியும் பழைய துப்பாக்கியும் கொடுத்து ஜமீன் அவனை அனுப்பிவிட்டது. பிழைக்க மலையேறினான்.

மலையில் நஞ்சி 'சரி' என்று சொன்னால்தான் எவனும் வேட்டைக்குப் போகலாம். அவளுக்கு இவன் வயதில் பாதி.

அவள் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். 'சரி' மட்டும் சொல்லவில்லை. மலை வழக்கத்தை மறுபடி சொன்னாள்: உயிர் போகுமுன், சுட்டவனே மான் வாயில் தண்ணீர் விட வேண்டும். அப்புறம்தான் அது கறி.

"சுட்டுக் காட்டட்டுமா?"

"காட்டுங்க பெரியவரே."

அக்கரைப் பாறையில் ஒரு கடமான் நின்றுகொண்டிருந்தது. வீரணன் மூச்சை அடக்கிச் சுட்டான். மான் துள்ளி விழுந்தது.

மெச்சுவாள் என்று திரும்பினான். நஞ்சி அவன் கையில் தண்ணீர்க் குடுக்கையைத் திணித்தாள்.

"ஓடுங்க."

பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, முட்புதரில் கைவைத்து ஏறினான். பாறையில் மான் இல்லை. ரத்தம் இருந்தது. அதன் பின்னாலேயே போனான்.

வெயில் சாய்ந்தபோது மூங்கில் புதருக்குள் கண்டான். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டைக் காற்று வயிற்றுக்குத் தள்ளியிருந்தது. மான் நெடுநேரம் காலால் மண்ணைப் பறித்திருந்தது. கண்ணில் எறும்பு ஏறிவிட்டது.

விறைத்த வாயில் தண்ணீர் விட்டான். அத்தனையும் வழிந்து மண்ணில் இறங்கியது.

வெறுங்குடுக்கையோடு திரும்பியவனை உட்காரவைத்து, அவன் காலை மடியில் ஏந்தி, நஞ்சி முள் எடுத்தாள்.

"ஜமீன்ல எப்படிச் சமாளிச்சீங்க?"

"அங்க ஓடி எடுத்துட்டு வர ஆளுங்க இருந்தாங்க தாயி."

"மான் எப்படிச் செத்துச்சுன்னு அவங்க வந்து என்ன சொல்லுவாங்க?"

வீரணன் யோசித்துப் பார்த்தான். முப்பது வருடத்தில் ஒருநாள்கூட அவர்களை அவன் கேட்டதில்லை.

நஞ்சி கடைசி முள்ளையும் பிடுங்கிப் போட்டாள். அவன் காலை இறக்கவில்லை.

"நாளைக்கு எங்கிருந்து சுடுவீங்க?"

"தண்ணியோட நான் ஓடிச் சேர்ற தூரத்துலேருந்து."

"கிழட்டுக் கால் பெரியவரே. ரொம்ப தூரம் ஓடாது."

"ஓடாது தாயி."

"சரி" என்றாள் நஞ்சி.