சிட்டு வேடிக்கை பார்க்கிறது

"என்னயப் பாக்கவே மாட்டேங்கு மேடம்" என்றார் அமலோற்பவம்.

பார்க்காதது சிட்டு. மூன்றடி உயரம், இரண்டு கேமராக் கண்கள், ஒரு கை. ஆய்வுக்கூடத்தில் அவரே பாகம் பாகமாகப் பூட்டிய ரோபோ.

ஆராய்ச்சி வழிகாட்டியான செவ்வந்தி மேடம் தன் மாணவியைவிடப் பதினாறு வயது சின்னவர். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் அமலோற்பவம்.

"முதல் நாள் பாத்துச்சா?"

"பூராப் பொழுதும் பாத்துச்சு. நான் நடந்தா தலையும் கூடவே வந்துச்சு."

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த முகம் அவருடையது. இப்போது வீட்டிலும் பார்க்க ஆளில்லை. அந்த முதல் நாளுக்காகத் தினமும் ஏங்கினார்.

சரியாகச் செய்தால் இவ்வளவு என்று சிட்டுவுக்கு மதிப்பெண் கிடையாது. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கும். ஊகம் பொய்த்த இடத்தில் கண்ணை வைக்கும். புரிந்துபோனால் விட்டுவிடும். அந்த விதியை எழுதியவரும் அமலோற்பவம்தான்.

"நீங்க என்னென்ன செஞ்சு பாத்தீங்க அக்கா?"

"செவப்புச் சேல கட்டிட்டு வந்தேன். கை தட்டுனேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு சன்னலுக்குப் போயிட்டு. 'வேடிக்க பாக்காத'ன்னு அதட்டுனேன்."

"அதட்டினதும்?"

"ஒருதரம் திரும்புச்சு. இப்போ அதுவும் பழகிட்டு."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சன்னல்ல என்னதான் பாக்குது?"

அமலோற்பவம் அப்போதுதான் சன்னல் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா பாக்குதே அக்கா?"

"வேடிக்கதான மேடம்... அதப் போயி..."

செவ்வந்தி ஒரு ஸ்டூலை எடுத்துப்போய் சன்னலோரம், சிட்டுவின் பக்கத்தில் போட்டார்.

அமலோற்பவம் மனசில்லாமல்தான் போய் உட்கார்ந்தார். சிட்டுவின் தலை உயரத்துக்குக் குனிந்தார்.

வெளியே ஏசி பெட்டி. ஓர் அணில் தேங்காய் நாரை அதன் இடுக்கில் திணித்துவிட்டுப் போனது. அது அந்தப் பக்கம் போனதும் இன்னொன்று வந்து நாரை உருவிக்கொண்டு ஓடியது.

"ஏ, கள்ளி!" என்றார் அமலோற்பவம்.

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கண்ணாடி மூக்கில் இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பக்கத்தில் சிட்டுவின் கழுத்து மோட்டார் மெல்ல முனகியது.

"அக்கா" என்றார் செவ்வந்தி, தாழ்ந்த குரலில். "சிட்டு உங்களத்தான் பாக்குது."

"பொறுங்க மேடம். நார எங்க கொண்டு போகுதுன்னு பாக்கேன்."