மழை இல்லாத நேரத்து வைப்பர்

வடிவை ஆவுடையப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது கார் கண்ணாடி வழியாகத்தான்.

சுரண்டையில் வடிவின் தம்பி கைலாசத்தின் வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல். ஜன்னலை ஒட்டி வடிவின் கட்டில். தெருவின் மறுபக்கம் ஆவுடையப்பனின் பழைய அம்பாசடர் கார். அதற்குள் ஆவுடையப்பன்.

மூன்று மாதமாக அப்படித்தான் இருந்தது. மருந்து வாங்கி வருவார். இளநீர் வாங்கி வருவார். வாசலில் கொடுத்துவிட்டுக் காருக்குத் திரும்பிவிடுவார். மனைவியின் கை மெலிந்துபோனதைப் பக்கத்தில் இருந்து பார்க்க அவரால் முடியவில்லை. உடம்பு துடைப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் கைலாசமும் அவர் வீட்டாரும்தான்.

அன்று வடிவு தலையணையில் சாய்ந்து அவரைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

அவர் வைப்பரைப் போட்டார்.

வானத்தில் மேகம் இல்லை. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கீச்சிட்டுக்கொண்டு போய் வந்தது.

பிறகு ஒரு கை ஜன்னலைச் சாத்தியது. கைலாசத்தின் கை.

சற்று நேரத்தில் கைலாசம் வாசலுக்கு வந்தார்.

“அத்தான், உள்ளே வாங்க.”

“இதோ வாறேன்,” என்றார் ஆவுடையப்பன். வரவில்லை.

உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

*

காரியங்கள் முடிந்ததும் அவர் காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார். மடத்தை நடத்தியவர் உலகம்மை. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரும் அம்மா என்பார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

“என்னால யார் முகத்தையும் பாக்க முடியலைம்மா.”

“யார் முகத்தை?”

“என் மச்சினன் முகத்தை. என் மூஞ்சியில ஜன்னலைச் சாத்தினான். சாத்தினது நியாயம்தான்.”

அம்மா ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்துக் கொடுத்தார்.

“வண்டிக் கண்ணாடி தூசியா இருக்கு.”

மறுநாள் அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். வாயைத் திறக்கும் முன்பே அம்மா கேட்டார்.

“துடைச்சாச்சா?”

“துடைச்சேன்.”

“உள்பக்கம்?”

அவர் எழுந்து போனார்.

அதன் பிறகு தினமும் துடைத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. மடத்துக்குக் காய்கறி, அரிசி எல்லாம் அந்தக் காரில்தான் வந்தன; காய்ச்சல்காரர்களும் அதில்தான் வந்து போனார்கள். காரில் வருகிறவர்களிடம் அவர் பேசுவார். பேசும்போது ரோட்டைப் பார்ப்பார்.

வடிவு போய் வருடம் திரும்பும் தலைத்திவசம் நெருங்கியது. அந்த வருடம் முழுதும் சுரண்டையிலிருந்து கைலாசம் போன் செய்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் எடுக்க மாட்டார். அடித்து ஓயும்வரை அதன் பக்கத்தில் நிற்பார்.

“பால் பொங்குதான்னு பாக்கிறவன் மாதிரி நிக்கியளே,” என்றார் சமையல்கட்டுப் பிச்சம்மாள். “ஒண்ணு எடுங்க, இல்ல அணைங்க.”

அவர் அம்மாவிடம் போனார்.

“திவசத்துக்கு நான் போகணும். அந்த வீட்டுப் படியை எப்படி ஏற?”

“நாளைக்கு ஆயுத பூஜை,” என்றார் அம்மா. “உங்க வண்டிக்கு நீங்கதான் பூசணிக்காய் சுத்தணும்.”

*

காரைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, பானெட்டில் மாலை போட்டிருந்தார்கள். பூசணிக்காயில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறைக் காசும் திணித்து, அதன் தலையில் கற்பூரம் ஏற்றி அவர் கையில் கொடுத்தார்கள். கனமான காய்.

காருக்கு முன்னால் நின்று சுற்றினார். சுற்றி முடிக்கும் நேரத்தில் மடத்து வாசலில் ஒரு ஆள் துணிப்பையோடு நுழைவது தெரிந்தது.

கைலாசம்.

ஆவுடையப்பன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். காயும் திரும்பியது. கற்பூரம் சரிந்து விரலில் பட்டது. கையை உதறினார்.

பூசணிக்காய் தரையில் விழவில்லை.

முன்கண்ணாடி முழுதும் ஒரே சத்தத்தில் பொடிப்பொடியாகி உள்ளே கொட்டியது. சீட்டின் மேல் பூசணிச் சதை, குங்குமம், காசு, கண்ணாடி.

“சரிதான்,” என்றார் பிச்சம்மாள். “திருஷ்டி பாக்கியில்லாமக் கழிஞ்சுட்டு.”

சிரிப்பு எழுந்தது. பையோடு நின்ற கைலாசமும் சிரித்துவிட்டார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

ஆவுடையப்பன் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அங்கே வந்தார்.

“கண்ணாடி போச்சும்மா. இனி எதைத் துடைக்க?”

“புதுசு போடுங்க.”

“தென்காசிக்கு இந்த வண்டியை ஓட்ட மாட்டேன். கார் ஸ்டாண்டைத் தாண்டணும். அத்தனை பேரும் கேப்பான். பூசணிக்காய்னு எப்படிச் சொல்ல?”

“அப்ப இங்கேயே போடுங்க.”

“தனியாவா?”

“தனியா முடிஞ்சா தனியா.”

அவர் மடத்து வாசல் பக்கம் தலையை அசைத்தார்.

“அவன் ஏன் வந்தான்?”

“நான் வரச் சொன்னேன்,” என்று அம்மா மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டார்.

*

பண்டிகை விடுமுறை கழிந்துதான் கடை திறந்தார்கள். தென்காசியிலிருந்து லோடு ஆட்டோவில், சாக்கும் வைக்கோலும் சுற்றி, கண்ணாடி வந்தது. கூடவே புது பீடிங். கண்ணாடியைச் சுற்றிக் கவ்வும் ரப்பர்ச் சட்டம்.

கைலாசம் ஊருக்குத் திரும்பவில்லை. மடத்தில் தண்ணீர் இறைத்தார், விறகு பிளந்தார். அவர் சாப்பிடும் பந்தியில் ஆவுடையப்பன் உட்காரவில்லை.

இதற்கு முன் ஒரு பட்டறையில் முன்கண்ணாடி மாட்டுவதை ஆவுடையப்பன் பார்த்திருக்கிறார். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு திருப்புளி. ஒரு வாளி சோப்புத் தண்ணீர். துணி காயப்போடும் நைலான் கயிறு.

எல்லோரும் பூஜைக்குப் போன நேரம் பார்த்துத் தொடங்கினார்.

வைப்பர் கைகளைக் கழற்றினார். பழைய ரப்பரைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார். விளிம்பில் ஒட்டியிருந்த கண்ணாடித் துணுக்குகளைத் துடைத்தார். சீட்டில் இருந்ததைப் பொறுக்கினார். அதில் பாதி சிவப்பாக இருந்தது.

புது பீடிங்கைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கிக் கண்ணாடிக்கு மாட்டினார். பீடிங்கின் வெளிப்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிலும் பதித்தார். சோப்புத் தண்ணீர் தடவினார். கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் பொருத்தி, கயிற்றின் இரண்டு முனைகளையும் காருக்குள் விட்டார்.

உள்ளே ஏறி ஒரு முனையை இழுத்தார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகரத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. அழகாக வந்தது.

மறுமூலையில் கண்ணாடி வெளியே எழும்பியது.

ஓடிப்போய் வெளியே நின்று அழுத்தினார். உள்ளே கயிறு தளர்ந்தது. உள்ளே ஓடினார். வெளியே எழும்பியது.

நான்காவது முறை ஓடியபோது படியில் அம்மா உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“பூஜை முடிஞ்சுதா அம்மா?”

“முடிஞ்சு, பிரசாதமும் தீந்துட்டு. கயிறை யார் இழுக்கணும்?”

“உள்ளே இருக்கிற ஆள்.”

“அமுக்க?”

“வெளியே இருக்கிற ஆள்.”

“நீங்க எந்த ஆள்?”

அம்மா தலையைத் திருப்பிச் சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“கைலாசம் தம்பி, கையைக் கழுவிட்டு வாங்க.”

*

“நான் வெளியே நின்னு அமுக்குதேன்,” என்றார் ஆவுடையப்பன் தரையைப் பார்த்து. “அவன் உள்ளே இருக்கட்டும்.”

கைலாசம் காருக்குள் ஏறினார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

ஆவுடையப்பன் குனிந்து கண்ணாடியின் கீழ்விளிம்பை அழுத்தினார். கைலாசம் இழுத்தார். கொஞ்சம் வந்தது, சிக்கியது.

“அத்தான், இந்தப் பக்கம்.”

அவர் வேறு பக்கம் அழுத்தினார்.

“அங்கே இல்ல. இங்கே.”

“எங்கேன்னு சொல்லு.”

“எப்படிச் சொல்ல? என்னைப் பாருங்க. நான் எங்கே பாக்கேனோ அங்கே அமுக்குங்க.”

“கயிறைப் பாத்தாப் போதாதா?”

“கயிறு உங்களுக்கு எங்கே தெரியும்? அது ரப்பருக்கு இந்தப் பக்கம்லா இருக்கு.”

ஆவுடையப்பன் ரப்பரையே பார்த்து அழுத்தினார். கண்ணாடி ஒரு மூலையில் முனகியது. கைலாசம் சட்டென்று கயிற்றை விட்டார்.

“இன்னும் ஒரு அமுக்கு, இதுவும் உடைஞ்சிரும்.”

“புதுக் கண்ணாடிக்குப் புதுப் பூசணிக்காய் வேண்டியதில்லை,” என்று பிச்சம்மாளின் குரல் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து வந்தது.

அம்மா அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

கைலாசம் காரிலிருந்து இறங்கினார். நெற்றியைத் தோளில் துடைத்தார். பிறகு கதவைப் பிடித்துத் திறந்தபடி நின்றார்.

“அத்தான், உள்ளே வாங்க.”

ஆவுடையப்பன் அசையவில்லை. வாளியில் சோப்பு நுரை ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது.

“இதோ,” என்றார்.

கைலாசம் கதவை விடவில்லை.

ஆவுடையப்பன் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு சொத்தைக் காயைத் தூக்கிக் கோழிக்குப் போட்டார்.

ஆவுடையப்பன் உள்ளே ஏறினார். சீட்டில் உட்கார்ந்ததும் ஏதோ தொடையில் குத்தியது. கயிற்றை எடுத்துக் கையில் சுற்றினார்.

கைலாசம் வெளியே போய் பானெட்டின் மேல் கவிழ்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்தார். அவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு வருடத்தில் மீசை முழுதும் நரைத்திருந்தது. மூக்கு வடிவின் மூக்கு.

ஆவுடையப்பன் கீழ்மூலையைப் பார்த்தார். கைலாசத்தின் கை அங்கே போனது. இழுத்தார். வந்தது.

பக்கவாட்டைப் பார்த்தார். கை அங்கே போனது. வந்தது.

ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் அவர் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார். காது சுட்டது. பார்த்தார். மறுபக்கம். மேல்விளிம்பு. கடைசி ஒரு சாண்.

கயிறு முழுதும் கையோடு வந்துவிட்டது. கண்ணாடி உட்கார்ந்தது.

கைலாசம் சுற்றிலும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். கழற்றி வைத்திருந்த வைப்பர் கைகளை எடுத்து மாட்டினார். பிறகு ஏதோ சொன்னார். உதடு அசைவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார்.

“என்ன மாப்ளே?”

“சோப்புத் தண்ணி காயப்போவுது. வைப்பரப் போடுங்கன்னேன்.”

அவர் கை சுவிட்ச் வரை போய் நின்றது.

“வேண்டாம்.”

“ஏன்?”

“அன்னைக்கு நான் வைப்பர் போட்டேன்.”

இதை அவர் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

“தெரியும்,” என்றார் கைலாசம்.

“மழை இல்ல.”

“தெரியும் அத்தான். அக்காவும் கேட்டா.”

“என்ன கேட்டா?”

“‘மழை பெய்யுதாடா’ன்னு கேட்டா. ‘இல்லக்கா’ன்னேன். ‘பெறகு உங்க அத்தான் எதுக்கு வைப்பர் போடுதாரு’ன்னா. ‘கண்ணாடி தூசியா இருக்கும்’னு நான் சொன்னேன். ‘தூசி இல்லடா, நான் நல்லாத் தெரியுதேன், அதான்’னு சொல்லிச் சிரிச்சா.”

கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அதற்குப் பின்னால் கைலாசத்தின் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

“‘அவரு பாவம், ஜன்னலைச் சாத்து’ன்னா. இதைச் சொல்லத்தான் ஒரு வருஷமாப் போன் அடிக்கேன்.”

ஆவுடையப்பன் கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு விழுந்திருந்தது.

“நீயாச் சாத்தினேன்னு நினைச்சேன்.”

“கைதான் என்னோடது,” என்றார் கைலாசம்.

படியில் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆவுடையப்பன் வைப்பரைப் போட்டார்.

*

திவசத்துக்கு இருவரும் அந்தக் காரில்தான் சுரண்டைக்குப் போனார்கள். கார் இப்போதும் மடத்தில் இருக்கிறது. முன்சீட்டின் தையல் மடிப்பில் விரலை விட்டால் பழைய கண்ணாடியின் துணுக்கு ஒன்றிரண்டு இன்னும் வரும். சிலவற்றில் குங்குமம் ஒட்டியிருக்கும்.