வாரியலும் சருகுமானும்

அருளப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய குருவுக்கு முப்பத்துநான்கு. பெயர் பகவதி, வனக் காவலராக மலையேறித் திரிகிற காணிக்காரப் பழங்குடிப் பெண்.

"சருகுமானைப் பத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். உயிரோட ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல. என்னைச் சிஷ்யனாச் சேத்துக்கணும்" என்று அவர் கேட்டபோது பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும் சேர்த்துக்கொண்டாள்.

கற்கத்தான் வந்தார். ஆனால் வந்த அன்று முழுக்க அவர்தான் பாடம் எடுத்தார். பழக்கதோஷம்.

"முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது, கோரைப்பல் உண்டு. மானுக்கு வயித்துல நாலு அறை, இதுக்கு மூணு. அதனால மான் குடும்பத்துலயே இதைச் சேக்கக் கூடாதும்மா."

"சேத்துக்கோன்னு அது கேட்டுச்சா சார்?"

"அழியுற விலங்குகளோட உலகப் பட்டியல்ல இதுக்குக் கவலை குறைவுன்னு போட்டிருக்கான்."

"யாருக்குக் கவலை குறைவு?"

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவருடைய கவலையோ பெரிது. எந்த விலங்கு எந்தக் காட்டில் வாழ்கிறது என்று வரைபடம் தயாரிக்கும் ஒரு குழு, இந்த ஓடைக்காட்டை அவர் பொறுப்பில் விட்டிருந்தது. சருகுமான் உண்டா, இல்லையா? மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு சொல் எழுதித் தர வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் ஓடைக்கு மேலாக ரோடு வந்துவிடும். அதற்காகப் பார்க்காததைப் பார்த்ததாக எழுதவும் அவருக்குக் கை வராது.

ஆகவே தன் பழைய முறையைக் கையில் எடுத்தார். விடிந்ததும் வாரியலோடு கிளம்புவார். கரையோரம் இருபது இடத்தில் சருகு, சுள்ளி, உதிர்ந்த பழம் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டு, சலித்த பொடிமண்ணைத் தூவுவார். குளம்பு பட்டால் அச்சு விழும் என்பது கணக்கு. மிளாவின் அச்சு விழுந்தது. பன்றியின் அச்சு விழுந்தது. ஒருநாள் அவருடைய செருப்பின் அச்சே விழுந்து, அதை அளந்தும் பார்த்துவிட்டார். சருகுமான் மட்டும் வரவில்லை.

இருபதை நாற்பதாக்கினார். போதாதென்று இடையிலிருந்த பாதையையும் பெருக்கினார். ஓடைக்கரை கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. பகவதி தினமும் பின்னாலேயே வந்தாள்.

பதினெட்டாம் நாள் அவர் பகவதி குடிசையின் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"உண்டா, இல்லையா? நீங்களே சொல்லுங்கம்மா."

கஞ்சிப் பானைக்கு அடியில் தீ அணைகிற நிலையில் இருந்தது. பகவதி அவர் கையிலிருந்த வாரியலை வாங்கினாள். இரண்டாக முறித்தாள். அடுப்பில் செருகினாள்.

அவருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "என்ன காரியம் இது? இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு!"

"பன்னெண்டு நாள் இருக்குல்லா. காத்து அடிக்கட்டும்."

காற்று அடித்தது. இலை விழுந்தது. அத்திப்பழம் உதிர்ந்து, வாருவார் இல்லாமல் கிடந்தது. அருளப்பனுக்குக் கை சும்மா இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

வாரியல் எரிந்த ஒன்பதாம் நாள் விடியலில் பகவதி அவரை அத்திமரத்துக்கு எதிரே ஒரு பாறையடியில் உட்கார வைத்தாள்.

"இருமல் வந்தா முழுங்கிருங்க சார்."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சருகுக் குவியலில் ஒரு பகுதி மட்டும் எழுந்து நடந்தது. பழுப்பு உடம்பு, விலாவில் வெள்ளைக் கோடுகள், பென்சில் கனத்தில் நாலு கால். ஒரு பழத்தை எடுத்துத் தின்றது. இன்னொன்றும் தின்றது. அப்படியே சருகுக்குள் இல்லாமல் போனது.

அருளப்பன் அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

"ஏம்மா, முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான சார் பாடம் எடுத்துட்டிருந்தீங்க."

குடிசைக்குத் திரும்பியதும் காகிதத்தில் 'உண்டு' என்று எழுதினார். எழுதிய கை அப்படியே நின்றது. பையிலிருந்து பழைய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்து மலை அதில் சருகுமான் குறி இல்லாமல் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு 'இல்லை'ன்னு எழுதினது நான்தான். முப்பது வருசம் முன்னால. அங்கயும் பெருக்கிட்டுத்தான் எழுதினேன்."

பகவதி கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அதுக்கப்புறம் அங்க யாராச்சும் தேடிப் போனாங்களா?"

"இல்லைன்னு எழுதின இடத்துக்கு யார் போவா?"

"அப்ப சருகு விழுந்திருக்கும் சார்" என்றாள்.