கடைசி இலைக்கு வந்த கரண்டி

ஆற்றின் வடகரையில் இக்கதையைச் சொல்வோர் சீடரை இளைஞராகவே சொல்வர். தென்கரையில் அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கண்ணில் புரை படரத் தொடங்கிவிட்டது. அந்தப் புரை இல்லாமல் அவருடைய அவசரம் விளங்காது. ஆகையால் தென்கரை வழக்கே இங்குக் கொள்ளப்படுகிறது.

சீடரின் பெயர் நல்லசிவம். மடத்தில் தங்கி ஒரு நிகண்டு தொகுத்துவந்தார். ஒரு பொருளுக்கு நாட்டில் வழங்கும் சொற்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும் நூல் அது.

மறுநாள் குருபூசை. ஆண்டில் புலவர் அவை கூடும் நாள் அது ஒன்றுதான். அன்று அரங்கேறாத நூல் அடுத்த குருபூசை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தம் எழுத்தைத் தாமே படிக்கும் அளவுக்குப் பார்வை நிற்குமா என்பது நல்லசிவத்துக்குத் தெரியவில்லை.

மடத்துத் தலைவர் வன்மீகநாத தேசிகர் ஏடுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவந்தார். 'ஏற்றத்தாழ்வு' என்ற பகுதி வந்ததும் கையை உயர்த்தினார்.

"இன்னொரு முறை வாசியும்."

"பேதம், பாகுபாடு, பாரபட்சம், ஓரவஞ்சனை, மேடுபள்ளம், உயர்வுதாழ்வு, தாரதம்மியம்."

தேசிகர் உயர்த்திய கையை இறக்கவில்லை.

"குறை ஏதும் உண்டோ, சுவாமி?"

"சொற்கள் சரி. இவற்றை யார் சொல்கிறார்கள்?"

"நீதி உரைப்போர் சொல்கிறார்கள். முறையிடுவோர் சொல்கிறார்கள்."

"அதைச் செய்கிறவன்?"

நல்லசிவம் யோசித்தார். "செய்கிறவன் இவற்றுள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை."

"அப்படியானால் ஊமையாகவா செய்கிறான்?"

நல்லசிவம் அந்த ஏட்டை மீண்டும் புரட்டிப் பார்த்தார்.

"இந்தப் பகுதி முடியவில்லை. முடியாத நூலுக்கு நாம் இலச்சினை வைப்பதில்லை. மடத்து இலச்சினை இல்லாத நூல் அவை ஏறாது."

"நாளை அரங்கேற்றம், சுவாமி."

"குருபூசைப் பந்தி இன்றைக்கே தொடங்குகிறதல்லவா? பட்டுத் துண்டையும் உருத்திராக்கத்தையும் இங்கே கழற்றி வையும். கடைசி இலையில் போய் உட்காரும். காதை மட்டும் கொண்டுபோம்."

குருபூசைக் காலத்தில் மடத்தில் பரிமாற வெளியூர் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு நல்லசிவத்தைத் தெரியாது. துண்டில்லாத தோளோடு அவர் போய்க் கடைசியில் உட்கார்ந்தார். பந்தியின் முகப்பில் ஊர்ப் பெரியவர்களுக்கு நுனி இலை போட்டிருந்தது. நடுவில் வணிகர்களுக்கு அகலமான நறுக்கு இலை. கடைசியில் வழிப்போக்கர்களுக்குக் கிழிந்த சிறு இலை. அவருக்கு முந்திய இலையில் சின்னக்காளை என்ற வளையல் வியாபாரி இருந்தான்.

குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மாசிலாமணி என்பவன் முகப்பிலிருந்து வந்தான்.

"ஐயாவுக்கு இன்னும் ஒரு கரண்டி விடட்டுங்களா? காயா எடுத்து விடறேன்."

முகப்புக்காரர் கையை ஆட்டி மறுத்தார். அவன் அதைக் காணாதவன் போல விட்டான்.

சற்றுத் தள்ளி வந்ததும், "இன்னும் விடவா?" என்றான்.

நடுப்பந்தியில், "போதுமா?"

அதற்கும் அப்பால், "போதும்ல?"

ஒரே வாளி, ஒரே கை. குரலில் கோபமில்லை, முகத்தில் வஞ்சமும் இல்லை. முகப்பில் வாளியின் அடிவரை போன கரண்டி இங்கே மேலாக நீந்தி எழுந்தது.  தேடிவந்த சொற்கள் வரிசையாகத் தம்மை நோக்கி நடந்து வருவதாக நல்லசிவத்துக்குத் தோன்றிற்று.

சின்னக்காளை தன் இலையைப் பார்த்தான். "அண்ணே, இது குழம்பு இல்லண்ணே. குழம்பு குளிச்சு எழுந்த தண்ணி."

மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஓசிச் சோத்துல கத்திரிக்காயா தேடற, வளையலு?"

"தேடலண்ணே. வழிதவறி வந்துச்சுன்னா வாங்கன்னு கூப்பிடலாமேன்னு பார்த்தேன்."

அக்கம்பக்கத்து இலைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கரண்டி கடைசி இலைக்கு வந்தது.

"போதும்ல?" என்று மாசிலாமணி கேட்டான். கேட்கும்போதே வாளி திரும்பிவிட்டது.

வடகரையில் சிலர் இந்த இடத்தில் மோர் என்று சொல்வர். குழம்போ மோரோ, கேள்வி அதுதான்.

நல்லசிவம் கை கழுவியதும் தேசிகரிடம் விரைந்தார்.

"கிடைத்தது, சுவாமி. செய்கிறவனுக்கும் சொல் இருக்கிறது."

"சொல்லும்."

"முகப்பில் 'விடட்டுங்களா' என்கிறான். பிறகு 'விடவா' என்கிறான். நடுவில் 'போதுமா' என்கிறான். கடைசியில் 'போதும்ல' என்கிறான். முதலில் நம் விருப்பத்தைக் கேட்கிறான். முடிவில் தன் விருப்பத்தை நம் வாயில் வைக்கிறான். இத்தனை சொல்லும் ஏற்றத்தாழ்வு என்ற ஒரே பொருளுக்கு. எந்த நிகண்டிலும் இவை இல்லை."

"நன்றாகக் கேட்டிருக்கிறீர்."

"இப்போதே சேர்த்துவிடட்டுமா?"

"இருக்கட்டும். அவன் 'போதும்ல' என்றபோது நீர் என்ன சொன்னீர்?"

நல்லசிவம் நினைவுபடுத்திப் பார்த்தார்.

"'போதும்' என்றேன்."

"பசி அடங்கியிருந்ததோ?"

"இல்லை."

"வாளியில் இல்லையோ?"

"இருந்தது. அடியில் காய் கிடந்ததைப் பார்த்தேன்."

"கேட்டால் அடித்திருப்பானோ?"

"அடிக்கிறவன் இல்லை, சுவாமி. நல்ல மனிதன். கேட்டிருந்தால் விட்டிருப்பான்."

"இந்த மடத்தில் இத்தனை காலம் இருக்கிறீர். எந்தப் பந்தியிலாவது பசியோடு எழுந்ததுண்டோ?"

"இல்லை."

"துண்டைக் கழற்றி ஒரு நாழிகை ஆகுமுன் 'போதும்' உம் வாயிலேயே வந்துவிட்டது."

நல்லசிவம் வெறுந்தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். 

தேசிகர் எழுத்தாணியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுதிக்கொண்டு வாரும், இலச்சினை வைக்கிறோம். நாளை அரங்கேறட்டும். பரிமாறியவன் சொற்கள் எல்லாம் இருக்கட்டும். ஆனால் உம்முடைய 'போதும்' அவற்றுக்கு முன்னால் வரட்டும்."